அக்காள் போடும் கையெழுத்து செல்லும்!

அப்பா போய்விட்டார். அடுத்த வருடம் அம்மாவும் போய்விட்டாள். வீட்டில் மிச்சம் ஓர் அம்மிச்சி, மூன்று பிள்ளைகள்.

திருப்பூர் நல்லூரில் இப்படி ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாராபுரம் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். தாய் தகப்பனைக் கொண்டு போனது எய்ட்ஸ் நோய். அம்மிச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது. மூத்த பெண்ணுக்கு 13 வயது. சோறு வடிப்பதும் ரேஷன் வாங்குவதும் அவள்தான்.

தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். "பெரியவர்கள் கையெழுத்து எங்கே?" என்று கேட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள்?

அவளே போடலாம்! சட்டம் அப்படிச் சொல்கிறது.

12 வயது போதும்

எச்.ஐ.வி., எய்ட்ஸ் பற்றிய சட்டம் 2017-ல் வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. இந்த நோயால் பாதிக்கப்பட்ட வீட்டில், 12 வயது நிரம்பிய பிள்ளை, விவரம் தெரிந்து குடும்பத்தை நடத்தி வந்தால், தம்பி தங்கைகளுக்குக் கார்டியனாக இருக்கலாம். பள்ளியில் சேர்க்கலாம். வைத்தியம் பார்க்கலாம். பாங்கிக் கணக்கையும் சொத்தையும் கவனிக்கலாம்.

12 வயதில் இவ்வளவு பாரமா? கேட்கவே மனம் வலிக்கிறது. ஆனால் பாரம் ஏற்கெனவே தலையில் விழுந்துவிட்டது. சட்டம் அதற்கு ஒரு கைத்தாங்கல் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

முன்பே எழுதி வைக்கலாம்

தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே செய்யக்கூடிய காரியமும் உண்டு. "எங்களுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு இன்னார்தான் பொறுப்பு" என்று உயில் எழுதி வைக்கலாம். படுக்கையில் விழுந்து செயல் இழந்தாலும் அது செல்லும்.

வீட்டுப் பத்திரத்தைப் பத்திரமாக வைக்கக் குழந்தைகள் நலக் குழுவை நாடலாம். "அண்ணன் பங்கு எனக்குத்தான்" என்று யாராவது வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டால், அதே குழுவிடம் புகார் கொடுக்கலாம். துக்க வீட்டில் பத்திரத்தைத் தேடுகிற உறவினர் எந்த ஊரில்தான் இல்லை?

தொட்டால் ஒட்டாது

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் 1986-ல் சென்னையில் தெரிய வந்தது. கண்டுபிடித்தவர் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர். அந்தக் காலத்தில் மருந்து இல்லை. பயம்தான் இருந்தது. பிள்ளைகளை உறவினர்களே ஒதுக்கினார்கள். சென்னையில் குழந்தை வைத்தியர் டாக்டர் மனோரமா அப்படிப்பட்ட குழந்தைகளை ஏற்று வளர்த்தார்.

ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. கட்டி அணைத்தாலும் ஒட்டாது. பெற்றவர்களுக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும் என்பதும் இல்லை. கர்ப்பிணி ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால், பெரும்பாலான குழந்தைகள் தப்பிவிடுகின்றன.

2004 ஏப்ரல் 1 முதல் அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுத்து வருகிறது. நோய் உள்ள குழந்தையும் அதைத் தினமும் தவறாமல் சாப்பிட்டால் படித்து, வேலைக்குப் போய், கலியாணமும் செய்துகொள்ளலாம். ஒருநாள் கூட விடக் கூடாது. வளர்க்கும் பாட்டிமார் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பணத்துக்கு வழி

பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தமிழக அரசு 2009-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. முதலில் போட்ட பணம் ரூ.5 கோடி. அதன் வட்டியிலிருந்து சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் உதவி.

நோயைக் காட்டிப் பள்ளிக்கூடம் இடம் மறுத்தால் அது சட்ட விரோதம். விவரம் கேட்க 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.