படிமுறை வாசிப்பும் விரல்வழிக் கல்வியும்

உரைநடைப் பகுதியொன்றைக் கொடுத்து, அதன் இறுதியில் ஐந்து வினாக்களைத் தொடுத்து, விடையெழுதுக எனப் பணித்தலையே 'படித்துணர்தல்' எனப் பலரும் கொள்கின்றனர். மாணவன் பொருளுணர்ந்தானா என்பதை இம்முறை அளக்குமேயன்றி உணரும் வழியை அவனுக்குக் காட்டாது. அமெரிக்கத் தொடக்கப் பள்ளி வகுப்புகளை நேரிற் கண்டு டோலோரசு டர்க்கின் என்பார் 1978-79இல் வெளியிட்ட ஆய்வும் இக்குறையையே சுட்டிற்று. ஆங்கும் சோதித்தல் மிகுதி, கற்பித்தல் அரிது.

வழிகாட்ட முற்பட்டோருள் பிரான்சிசு இராபின்சன் ஒருவர். 1940களில் அவர் வகுத்த முறை ஐந்து படிகளையுடையது. பகுதி முழுவதையும் மேலாக நோக்குதல், வினா எழுப்பிக்கொள்ளுதல், விடை தேடிப் படித்தல், நூலை மூடித் தன் சொல்லாற் கூறுதல், மீண்டும் நோக்கித் திருத்துதல் என்பன அவை. பின்னைய நான்கும் பெரும்பாலும் எல்லா மாணவர்க்கும் பொருந்தும். முதற்படியோ கண்ணை நம்பி நிற்பது. பூவிருந்தவல்லியில் உள்ள பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி போன்றதொரு வகுப்பறையில் வைத்து எண்ணினால் இதன் இடர்ப்பாடு நன்கு விளங்கும்.

பிரெயில் எழுத்து ஆறு புள்ளிகளால் ஆயது. 1951இல் ஏற்கப்பெற்ற பாரதி பிரெயில் முறையே தமிழுக்கும் உரியது. (அச்சில் மெய்யின் இருபுறமும் நிற்கும் ஒகரக் குறி, இம்முறையில் மெய்க்குப் பின்னரே நிற்கும். மெய்ம்முன் உயிர் வரும் என்னும் இலக்கண வைப்போடு இஃது ஒத்திருப்பது நம்மனோர்க்கு மகிழ்ச்சி தரும்.) விரல் ஓரெழுத்திலிருந்து அடுத்த எழுத்திற்கு நகர்ந்தே செல்லும். பக்கம் முழுவதையும் ஒருங்கே கவர்தல் அதற்கு இயலாது. தலைப்பையும் பத்தித் தொடக்கத்தையும் தேடியே காணவேண்டும். ஆதலின் 'முதலில் மேலாக நோக்குக' என்னும் கட்டளை அம்மாணவனுக்குப் பயனற்றதாகின்றது. அதனைத் தவிர்த்துவிட்டால், எதனை நோக்கிப் படிக்கின்றோம் என்பது அறியாமலே அவன் இறுதிவரை ஊர்ந்து செல்வான்.

இதற்கு மாற்று நம் உரைமரபிலேயே உளது. திருக்குறள் உரையில் பரிமேலழகர் ஒவ்வோர் அதிகாரத்தின் முகப்பிலும் அதன் பொருளையும், முன்னைய அதிகாரத்தோடு அதற்குள்ள இயைபையும் கூறியபின்னரே குறளுட் புகுகின்றார். இது செவிவழியாகவே பெறத்தக்க முன்னோக்கு. நாம் வகுப்பறைக்குப் பதவுரையை எடுத்துக்கொண்டோம்; அவதாரிகையைக் கைவிட்டோம். இவ்விழப்பு சிறிதன்று.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயில் தலவரலாற்றைப் பாடமாகக் கொள்க. குறும்பரோடு பொரவந்த தொண்டைமானின் யானை முல்லைக்கொடியிற் சிக்கியது. அவன் கொடியை வாளால் வெட்ட, குருதி பெருகி இலிங்கம் வெளிப்பட்டது. அவனுக்குத் துணையாக நந்தி அனுப்பப்பெற்றது. அதனாலேயே இன்றும் நந்தி இறைவனை நோக்காது வெளிநோக்கி அமர்ந்துள்ளது என்பது வரலாறு. ஆசிரியர் முன்னுரையாக, 'முதலில் ஒரு போர், அடுத்து ஒரு கொடி, இறுதியில் நந்தி திரும்பியிருத்தற்குரிய காரணம்' என்னும் வைப்பை மட்டும் சொல்லல் வேண்டும். காரணத்தையும் சொல்லிவிடின் படிப்பதற்கு யாதும் எஞ்சாது. வைப்பைக் கேட்ட மாணவன், 'நந்தி ஏன் திரும்பியது? கொடிக்கும் போருக்கும் என்ன தொடர்பு?' என்று தானே வினவுவான். அவ்வினாக்களே அவன் விரலை வழிநடத்தும். ஆசிரியரே வினாக்களையும் தந்துவிடுதல் பழைய தேர்வுமுறையைத் தலைகீழாக்குவதேயன்றி வேறன்று.

நான்காம் படியிலும் ஒரு திருத்தம் வேண்டும். பிரெயில் பலகையில் ஊசியால் எழுதுவோர் வலமிருந்து இடமாகக் குத்தியெழுதித் தாளைத் திருப்பியே படித்தல் வேண்டும். எழுதுங்கால் கை நூலைவிட்டு நீங்கும். ஆதலின் பத்திதோறும் குறிப்பெழுதச் சொல்லாது, பொழிப்பை வாயாற் கூறச் செய்தலே தக்கது. ஒருவன் கூற, ஏனையோர் விடுபட்டதைச் சுட்டலாம். 'யானை சிக்கியது, இலிங்கம் கிடைத்தது' என்று ஒருவன் முடித்தால், வாள் வெட்டும் குருதியும் எங்கே என்று மற்றொருவன் கேட்பான். உடனே அனைவரும் அவ்வரியை விரலாற் தேடிச் செல்வர். ஐந்தாம் படி தானே நிகழும்.

பார்வையுடைய மாணவர்க்கும் இம்முறை உதவும். தொழிற்சாலைகளை நாடி வந்த பல மொழிக் குடும்பங்கள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழ்கின்றன. வீட்டில் வேறு மொழி பேசும் சிறுவனுக்கு அச்சிட்ட பக்கத்தைக் கண்ணால் மேய்ந்த அளவில் பொருளின் போக்குப் புலப்படாது. அவனும் அவதாரிகையைச் செவியாற் கேட்டே தொடங்குதல் வேண்டும்.