முதல் மூவர் யாவர்?

போட்டி ஒன்றில் முதல் மூன்று இடங்களைப் பெற்றவர் எத்தனை பேர் என வினவினால், மூவர் என்றே எவரும் விடை கூறுவர். அவ்விடை எப்பொழுதும் பொருந்துவதன்று.

2016ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நிகழ்ந்தன. ஆடவர்க்குரிய 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சற் போட்டியில், சிங்கப்பூரைச் சேர்ந்த ஜோசப் ஸ்கூலிங் 50.39 வினாடியில் நீந்தித் தங்கப் பதக்கம் பெற்றார். அவரை அடுத்து அமெரிக்கராகிய மைக்கேல் பெல்ப்ஸ், தென்னாப்பிரிக்கராகிய சாட் லே குளோஸ், ஹங்கேரியராகிய லாஸ்லோ சே ஆகிய மூவரும் 51.14 வினாடியில் ஒருங்கே கரை சேர்ந்தனர். மூவர்க்கும் வெள்ளிப் பதக்கம் வழங்கப்பட்டது; வெண்கலம் எவர்க்கும் இல்லை. அடுத்து வந்த சீன வீரர் ஐந்தாமவராகவே எண்ணப்பட்டார்.

இம்முடிவுகளை ஓர் அட்டவணையில் எழுதி, "முதல் மூன்று இடத்தாரை மட்டும் பிரித்துத் தருக" என்று கேட்பதாகக் கொள்வோம். சமமானவர்க்கு ஒரே எண்ணைத் தந்து, அவர் தொகைக்கு ஏற்ப அடுத்த எண்களை விட்டுவிடுவது ஒரு முறை. அதன்படி இடங்கள் 1, 2, 2, 2, 5 என அமையும். பட்டியலில் நால்வர் இருப்பர். எண்களை விடாது 1, 2, 2, 2, 3 எனத் தொடர்வது மற்றொரு முறை. அப்பொழுது சீன வீரரும் மூன்றாம் இடத்தவராகி, ஐவர் இடம்பெறுவர். இனி, சமநிலையைக் கருதாமல் 1, 2, 3, 4, 5 என எண்ணினாலோ மூவரே தேறுவர். ஆயின், வெள்ளி வென்ற வீரர் ஒருவர் வெளியே தள்ளப்படுவார். அவர் யார்?

இவ்வினாவிற்கு நேர்மையான விடை இல்லை. கணிப்பொறியிடம் முதல் மூன்று வரிகளை மட்டும் கேட்டால், அது தயங்காது மூன்றைத் தரும். சமமானவருள் எவர் பெயர் முன்னே பதிவாயிற்று என்பது போன்ற, திறமையோடு சற்றும் தொடர்பில்லாத ஒன்று அங்கே தீர்ப்பாகிவிடும். உதவித்தொகைப் பட்டியல் ஒன்றில் இவ்வாறு நேர்ந்தால், அகர வரிசையில் பின்னே நிற்கும் வள்ளியோ வேலனோ காரணம் அறியாமலே விலக்கப்படலாம். எக்செல் போன்ற மென்பொருளில் உள்ள வடிகட்டியோ, எல்லையில் நிற்கும் சமமானவர் அனைவரையும் சேர்த்தே காட்டும். அதனால் மூவரைக் கேட்டவர் நால்வரைக் கண்டு, பொறி பிழைத்ததென எண்ணுவதும் உண்டு!

சமநிலை எங்கிருந்தாலும் இடரன்று. இரண்டாமவரும் மூன்றாமவரும் மட்டும் சமமாயின், மூவரும் உள்ளேயே நிற்பர். வெட்டும் கோடு சமமானவர் நடுவே விழும்பொழுதே சிக்கல் எழுகின்றது.

அவ்விடத்தில் இன்னும் நுணுக்கமாக அளந்து வேறுபாடு காணலாகாதோ எனக் கேட்கலாம். 1972ஆம் ஆண்டு மியூனிக் நகரில் அதனையும் செய்து பார்த்தனர். 400 மீட்டர் தனிநபர்க் கலப்பு நீச்சலில் சுவீடன் வீரர் குன்னார் லார்சனும் அமெரிக்க வீரர் டிம் மெக்கீயும் 4 நிமிடம் 31.98 வினாடியில் முடித்தனர். வினாடியை ஆயிரம் கூறாக்கிப் பார்த்ததில் லார்சன் 0.002 வினாடி முந்தியதாகக் கண்டு, தங்கத்தை அவர்க்கே அளித்தனர். அந்நேரத்தில் அவர்கள் கடக்கும் தொலைவு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே. நீச்சற்குளத்தின் தடங்களை அத்துணைத் துல்லியமாக ஒரே நீளத்தில் கட்டுதல் அரிது. எனவே அளந்தது வீரரின் விரைவையா, சுவரின் பூச்சையா என்னும் ஐயம் எழுந்தது. அதன்பின் நூறில் ஒரு பங்கோடு கணக்கை நிறுத்தி, சமநிலையைச் சமநிலையாகவே ஏற்கும் விதி வந்தது. ரியோவில் மூன்று வெள்ளிகள் கிடைத்தது அவ்விதியினால்தான்.

பரிசு மூன்றே உள்ளபொழுது நால்வரை ஏற்க இயலாமற் போகலாம். அந்நிலையில் இரண்டாவது அளவுகோல் ஒன்றனை, பெயர்களைக் காணும் முன்னரே வகுத்து அறிவித்தல் வேண்டும். கணிதத்தில் மிகுந்த மதிப்பெண் பெற்றவர்க்கு முதன்மை என்பது போல. அதுவும் சமமாயின் குடவோலை முறையில் சீட்டெடுக்கலாம். ஆனால் சீட்டெடுத்ததைப் பட்டியலிலேயே குறித்தல் வேண்டும். பரிசு அன்றி அறிக்கை மட்டுமாயின் வேலை எளிது. தலைப்பில் "முதல் மூவர்" என்பதை அடித்துவிட்டு, "மூன்றாம் இடம் வரை பெற்றோர்: 4 பேர்" என எழுதினாற் போதும்.