லோடு ஆட்டோ வாடகைக்கு வரி உண்டா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரி விவசாயிகள் சிலர், அறுவடை முடிந்ததும் சொந்த லோடு ஆட்டோவை வாடகைக்கு ஓட்டுகின்றனர். பருத்தி, மல்லி விளைவித்து விற்ற பணத்துக்கு வருமான வரி கிடையாது. வாடகைப் பணம் அப்படியல்ல. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி நோட்டு வைப்பது அவசியம்.

சிறிய சரக்கு வண்டிக்கு மாதம் ரூ.7,500 வருமானம் என மதிப்பிட்டுக் காட்டச் சட்டத்தில் வழி உண்டு, ஆண்டுக்கு ரூ.90,000. 2025-26 முதல் புதிய முறையில் ரூ.4 லட்சம் வரை வரியில்லை. வேறு வருமானம் இல்லாத ஒற்றை வண்டிக்காரர் வரிக்கென ஒதுக்க வேண்டியதில்லை.

கடை, கமிஷன் போன்ற வருமானமும் சேர்ந்து ஆண்டு வரி ரூ.10,000 எட்டினால், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-க்குள் தவணையாகக் கட்ட வேண்டும். விதைக்கு எடுத்து வைப்பதுபோல், பணம் வந்தவுடன் ஒதுக்குவது நல்லது.

ஒரே மில்லில் ஆண்டு வாடகை ரூ.1 லட்சம் தாண்டும்போது பான் எண் தராவிட்டால், 20 சதவீதம் பிடித்துக்கொள்வர். பத்து வண்டிக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியுடன் பான் எண்ணை முன்கூட்டியே கொடுத்தால் பிடித்தம் இராது.