எல்லை தாண்டி நடந்து வரும் நவராத்திரி

நவராத்திரி என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொலுவும் சுண்டலும்தான் ஞாபகம் வரும். ஆனால் திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் நமக்கு இன்னொரு நவராத்திரியும் உண்டு. அது தமிழ்நாட்டிலிருந்து நடந்தே வருகிறது.

திருவிதாங்கூரின் பழைய தலைநகர் பத்மநாபபுரம். அங்கே அரண்மனையை ஒட்டி இருப்பது தேவாரக்கட்டு சரஸ்வதி கோயில். தேவாரம் என்றால் மூவர் பாடல் மட்டுமல்ல; வீட்டு வழிபாடு என்ற பழம்பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. அங்குள்ள சரஸ்வதி கம்பர் பூசித்த திருமேனி என்பது செவிவழிச் செய்தி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் இங்கே மாறியது. சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) காலத்தில் நவராத்திரி விழாவும் இங்கே வந்தது என்பர்.

வருவது சரஸ்வதி மட்டுமல்ல. வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே வருகிறார்கள். மலையாளப் பத்திரிகையில் ‘முன்னூற்றிநங்க’ என்று படித்துவிட்டு, “முந்நூறு நங்கையா?” என்று பிள்ளைகள் கேட்டால் சிரிக்காதீர்கள். ‘முன்னே உதித்த நங்கை’ என்று பிரித்துச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்தால்தான் அந்தப் பெயர் திறக்கும்.

சரஸ்வதி வழக்கமாக யானை மீதும், மற்ற இருவர் பல்லக்கிலும் வருவார்கள். முதல் இரவு குழித்துறை, மறு இரவு நெய்யாற்றின்கரை. மூன்றாம் நாள் மாலை கரமனை வழியாகக் கோட்டைக்குள் வருகை. சரஸ்வதிக்கு நவராத்திரி மண்டபம், நங்கைக்குச் செந்திட்டை தேவி கோயில், குமாரசுவாமிக்கு ஆரியசாலை தேவி கோயில். ஆரியசாலை எங்கே? தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் நம்ம சாலைக் கடைவீதியை ஒட்டித்தான்!

1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. புறப்படும் ஊர் ஒரு மாநிலம், போய்ச்சேரும் ஊர் இன்னொரு மாநிலம் என்றாயிற்று. விழா நின்றுவிடவில்லை. பத்மநாபபுரத்தில் உடைவாள் கைமாறும் சடங்கில் இரு அரசுகளின் தரப்பினரும் நிற்கிறார்கள். களியக்காவிளையில் ஒரு மாநிலம் வழியனுப்ப, மறு மாநிலம் வரவேற்கிறது. மொழிவாரியாகக் கோடு போட்ட பிறகும் தெய்வங்களின் பாதை மாறவில்லை.

மண்டபத்தில் ஒன்பது மாலையும் கச்சேரி. முதல் நாள் சங்கராபரணம், ஒன்பதாம் நாள் ஆரபி என்று ஒவ்வொரு நாளுக்கும் சுவாதித் திருநாளின் ஒரு கிருதி உண்டு. கைதட்டக் கூடாது; பாட்டே பூசை. நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே பாடிய அந்த மேடையில் 2006இல் முதல் பெண்ணாகப் பாடியவர் பாறசாலை பி. பொன்னம்மாள். மரபு என்பது பூட்டிய பெட்டி அல்ல என்பதற்கு இது ஒன்று போதும்.

விஜயதசமியன்று குமாரசுவாமி பூஜப்புரை மண்டபத்துக்கு எழுந்தருளுவார். அங்கே குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்கும் வித்யாரம்பமும் உண்டு. சமணர்களாகிய நாங்கள் சுருத பஞ்சமியன்று நூல்களைப் பூசிப்பவர்கள். கல்வியைக் கும்பிடுவதில் சமய பேதம் ஏது?

நம் பிள்ளைகள் மலையாளம் நன்றாகப் படிக்கிறார்கள்; படிக்கட்டும், சோறு போடும் மொழி. ஆனால் தமிழில் கையெழுத்துப் போடத் தெரியாத தலைமுறை நம் வீடுகளிலேயே வளர்ந்துவிட்டது. ஆகவே ஒரு வேண்டுகோள். வருகிற விஜயதசமியில் அரிசித் தட்டில் ‘ஹரி ஸ்ரீ’ எழுதவைக்கும்போது, அதே விரலைப் பிடித்து ஒரு ‘அ’னாவும் எழுதவையுங்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்து வருகிற கலைமகளுக்கு இரண்டு மொழியும் தெரியும்.