தேனுண்ணி



மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும், மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குகிறோம். ஞாயிறு எழுவதையும் படுவதையும் கண்டவாறே கூறும் பெயர்கள் இவை. கூற அஞ்சி மறைப்பதற்கென்றே பிறந்த பெயர்களும் உலகில் உள. அத்தகைய பெயர் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

கரடியை ரஷ்ய மொழியில் 'மெத்வேத்' என்பர். செக், சேர்பிய மொழிகளிலும் சிறிது ஒலி வேறுபாட்டுடன் இச்சொல்லே வழங்குகின்றது. இதன் முற்பகுதி தேனைக் குறிப்பது. வடமொழி 'மது'வுக்கு உடன்பிறப்பு. பிற்பகுதி உண்ணுதலைக் குறிக்கும் வேரினின்றும் வந்தது. ஆகவே, மெத்வேத் என்பதன் பொருள் தேனுண்ணி.

கரடிக்குப் பழம்பெயர் வேறொன்று இருந்தது. அது வடமொழியில் 'ருக்ஷ' என்றும், கிரேக்கத்தில் 'ஆர்க்தோஸ்' என்றும், இலத்தீனில் 'உர்சுஸ்' என்றும் நிலைத்தது. சிலாவிய மொழிகளிலோ மறைந்தொழிந்தது. பெயரைச் சொன்னால் விலங்கு கேட்டு வந்துவிடும் என வேட்டுவர் அஞ்சினர் என்பதே மொழிநூலார் பலர் கூறும் விளக்கம். காலப்போக்கில் புனைபெயரே இயற்பெயராயிற்று. பொருளை மறந்தோர் 'தேனை அறிந்தது' என்றும் விளக்கம் கூறலாயினர். பின்னர் 'மீஷா' என்னும் செல்லப்பெயரும் தோன்றியது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் விழாவின் சின்னமான கரடிக்குட்டிக்கு அப்பெயரே இடப்பட்டது.

நம் நாட்டுக் கரடியும் தேன் விரும்பியே. கறையானும் பாலைப்பழமும் அதற்கு உணவாகும். விலங்கியலார் அதற்கு இட்ட 'மெலுர்சுஸ்' என்னும் பெயருக்கும் தேன்கரடி என்பதே பொருள். அது அச்சத்தாற் பிறந்ததன்று, ஆராய்ச்சியாற் பிறந்தது.

தமிழர் கரடியை எண்கு, உளியம் என்றெல்லாம் தயங்காது அழைத்தனர். ஆனால், இரவில் பாம்பைப் 'பூச்சி' என்கிறோம்; கொடிய நோயை 'அம்மாள்' என்கிறோம். வேட்டுவர் அச்சம் நம் நாவிலும் உண்டு.

நான் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில், படுவான்கரை மாணவன் ஒருவன், பூச்சி தீண்டித் தன் தமையன் இறந்ததாகக் கட்டுரையில் எழுதினான். நான் சிவப்பு மையால் அதை வெட்டிப் 'பாம்பு' எனத் திருத்தினேன். அந்தப் பெயரைத் தம் வீட்டில் எவரும் இப்போது சொல்வதில்லை என்று அவன் தலைகுனிந்து கூறினான். அகராதிப்படி என் திருத்தம் சரியே. எனினும், அச்சொல்லின் பின்னே நின்ற துயரை நான் வாசிக்கவில்லை.

சொல்லின் வரலாறு மனிதர் அஞ்சியதன் வரலாறும் ஆகும். பிள்ளைகளின் சொற்களைத் திருத்துமுன், அவை எதை மறைத்து நிற்கின்றன என்று கேட்டறிவோமாக.