கடலுக்குத் திரும்பும் சுண்ணாம்பு

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று நம் மாணவர்கள் தேர்வில் எழுதுகிறார்கள். நாமும் மதிப்பெண் போடுகிறோம். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் இன்று நீர்மட்டத்துக்கு மேல் இல்லை. கடல்மட்டம் உயர்வதால் மூழ்கின என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் அதைவிட நேரடியான காரணம் ஒன்று உண்டு. அது வீடு கட்டும் சுண்ணாம்பு.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிகளில் பணியாற்றும் நமக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. மேற்கு மலையிலிருந்து இறங்கும் நம் ஓடைகள் வைப்பாற்றோடு சேர்ந்து, சாத்தூரைக் கடந்து, அந்த வளைகுடாவில்தான் கடலைத் தொடுகின்றன. பொருளும் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரின் பழைய தெருக்களில் காரைவீடுகளைப் பார்க்கிறார்கள். சிமெண்டுத் தொழிலால் பெயர்பெற்ற ஊர் ராஜபாளையம். ஆகவே 'இந்தச் சுவரின் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வியிலிருந்தே நான் இப்பாடத்தைத் தொடங்குகிறேன்.

நம் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் நிலத்திலேயே கிடைக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையிலோ கைக்கெட்டும் தூரத்தில் பவளப்பாறை இருந்தது. இரண்டும் வேதியியலில் ஒன்றே: கால்சியம் கார்பனேட். படகில் பெயர்த்து வந்த பவளத்தைக் காளவாயில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் அது நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல உறிஞ்சி மறுபடி கார்பனேட்டாக இறுகுகிறது. பத்தாம் வகுப்புக்கு இது நல்ல மோல் கணக்கு: 100 கிராம் பவளத்தைச் சுட்டால் 56 கிராம் சுண்ணாம்பு, 44 கிராம் வாயு.

கணக்கில் வராதது காலம். திண்டுப் பவளம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் ஓரிரு சென்டிமீட்டர் வரைதான் வளரும். அந்தப் பாறை அலையின் வேகத்தை உடைத்ததால்தான் பின்னால் மணல் தங்கித் தீவாக நின்றது. பாறையைப் பெயர்த்ததும் அலை நேராகத் தீவின் மீது மோதியது. பவளம் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், அலையைத் தடுக்கும் அதன் வேலைக்கு எவரும் விலை போடாததே.

1986-இல் தேசியக் கடல்வாழ் உயிரினப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகும் தோண்டல் நிற்கவில்லை. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004 சுனாமிக்குப் பிறகே அது ஓய்ந்தது. சட்டம் மட்டும் போதாது என்பதை மாணவரிடம் மறைக்க வேண்டியதில்லை. பவளம் எடுத்தவருக்கும் அடுப்பெரிய வேண்டும். உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியோடு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் துணைநின்ற காலத்தில், மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை கரையோர ஊர்களின் குழுக்களுக்குச் சிறுகடன் தந்து மாற்றுத் தொழில்களை ஊக்குவித்தது அதற்காகத்தான்.

அடுத்த செலவு இன்னும் பெரிது. தேசியக் காலநிலை மாற்றத் தகவமைப்பு நிதியிலிருந்து மன்னார் வளைகுடாவுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் வந்தது. சுருங்கிக்கொண்டிருந்த வான் தீவின் முன்னால், துளைகள் விட்ட கான்கிரீட் செயற்கைப் பாறைகள் வரிசையாக இறக்கப்பட்டன. தண்ணீர் துளை வழியே போகும், அலையின் வலு குறையும், மணல் படியும், பவளமும் மீனும் குடியேறும். இப்போது உலக வங்கி உதவியுடன் காரைச்சல்லித் தீவுக்கும் இதே முறையில் பணி திட்டமிடப்பட்டுள்ளது.

இங்கே வகுப்பில் ஒரு கை உயரும்: "கான்கிரீட் என்றால் சிமெண்டு, சிமெண்டு என்றால் மறுபடி சுண்ணாம்புக்கல்தானே, சார்?" சரியான கேள்வி. கடலிலிருந்து எடுத்ததை நிலத்திலிருந்து எடுத்துத் திருப்பித் தருகிறோம். உலகக் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டுத் தொழிலுடையது. கடல் சூடானால் பவளம் வெளிறும், 2010-லும் 2016-லும் இங்கே அப்படித்தான் வெளிறியது. மாலத்தீவிலும் பவளக் கல்லை விட்டதும் சிமெண்டுக் கட்டிக்கே மாறினார்கள்.

எனவே நிதி எந்தப் பொருளுக்குப் போகிறது என்பது முக்கியம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் சாம்பலே அருகிலுள்ள ஒரு பொருள். போசோலானா சிமெண்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் சேர்க்க இந்தியத் தரநிர்ணயம் இடம் தருகிறது. அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல் சுடுவது குறையும். சாம்பல் செங்கலுக்கோ சூளையே வேண்டாம். தீவை மீட்கும் பணத்தில் ஒரு பங்கு கரையோர வீடுகளுக்கு இத்தகைய கல் கிடைக்கச் செலவானால் நன்று என்பது என் கருத்து.

தொடக்க வகுப்புக்கு முட்டை ஓடும் வினிகரும் போதும். குமிழ் வருவதைப் பார்த்துவிட்டால் பவளம் எதனால் ஆனது என்பது புரிந்துவிடும். மேல்வகுப்பு மாணவர்கள் தங்கள் தெருவில் ஒரு காரைவீட்டையும் ஒரு புதுவீட்டையும் தேர்ந்து, ஒவ்வொன்றின் கல், மணல், பூச்சு எங்கிருந்து வந்தன என்று வீட்டுப் பெரியவரிடமும் கொத்தனாரிடமும் கேட்டு எழுதி வரட்டும். கடுக்காயும் பனைவெல்லமும் காரையில் சேர்த்த கதை பெரும்பாலும் அப்போதுதான் வெளிவரும்.