மாரிக்குக் கப்பல், தைக்குப் பட்டம்



கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில் கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். முற்றத்து வெள்ளத்தில் ஒரு கடதாசிக் கப்பல் மிதந்துகொண்டிருந்தது. நான் படலையைத் திறந்ததைக்கூடக் கவனிக்காமல் அந்த வீட்டு அம்மா ஓடிவந்து கப்பலைத் தூக்கினார். பிரித்துப் பார்த்தார். பிறகு ஐந்து வயதுப் பேரனின் முதுகில் ஓர் அடி வைத்தார்.

அந்தக் கப்பல், 2009 இல் காணாமற்போன தன் மகனுக்காக அவர் கொடுத்திருந்த முறைப்பாட்டின் போட்டோப் பிரதி. அசல் பொலித்தீன் பையில் பத்திரமாகத்தான் இருந்தது. "பிரதிதானே அம்மா, இன்னொன்று எடுக்கலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மொக்குக் கதை என்று எனக்கு விளங்கியது.

"காசுக்கில்லைப் பிள்ளை. இதிலதான் அவன்ர பேர் கிடக்கு" என்றார் அவர்.

பேரன் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். முன்பள்ளியில் கப்பல் செய்யப் பழக்கியிருந்தார்கள். மழை வந்ததும் வீட்டில் கடதாசி தேடியிருக்கிறான். அந்த வீட்டிலிருந்த கடதாசியெல்லாம் அந்தப் பொலித்தீன் பைக்குள்தான் இருந்தது. அவன் செய்ததில் என்ன பிழை?

நான் சமூகவியல் படித்தவள். பல வருடங்களாகக் களத்தில் வேலை செய்கிறேன். நான் வீடுகளுக்குள் கொண்டுபோகும் கடதாசிகள் எல்லாம் படிவங்களே. வாழ்வாதார உதவிக்கு ஒன்று, வீட்டுத்திட்டத்துக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று. எங்கள் வீடுகளில் கடதாசி என்றால் நிரப்பிக் கொடுப்பது, கட்டி வைப்பது, கேட்கும்போது காட்டுவது. பிள்ளைகளுக்கு அது "தொடாதே" என்ற பொருள் ஆகிவிட்டது. அன்று வீடு திரும்பும் வழியில்தான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

என் சிறுவயதிலும் கடதாசி அருமையான பொருள்தான். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகின. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து சனங்கள் மழைக்குள் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஏழு வயது. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் பல குடும்பங்களோடு தங்கியிருந்தோம். அங்கே ஓர் அக்கா தன் கணக்குக் கொப்பியின் முடிந்த பக்கங்களைக் கிழித்துச் சின்னப் பிள்ளைகள் எல்லோருக்கும் கப்பல் செய்து தந்தார். அந்த நாட்களில் என்ன சாப்பிட்டோம் என்பது எனக்கு நினைவில்லை. என் கப்பலில் பெருக்கல் கணக்கு இருந்தது நினைவிருக்கிறது.

முதலில் ஒரு பெட்டி

செய்முறைகளுக்கு முன்னர் ஒரு சிறு ஏற்பாடு. ஒரு பிஸ்கட் பெட்டியையோ காட்போட் பெட்டியையோ எடுத்துப் பிள்ளைக்கென்று ஒதுக்கிவிடுங்கள். முடிந்த கொப்பிகள், பழைய கலண்டர் தாள், பத்திரிகை, தேயிலைப் பெட்டி மட்டை, சாமான் சுற்றி வந்த தாள் யாவும் அதற்குள் போகட்டும். "இந்தப் பெட்டியிலுள்ளது உன்னுடையது. எடுக்கக் கேட்கத் தேவையில்லை. அந்தப் பையிலுள்ளது அம்மாவினுடையது" என்று சொல்லிக் கொடுங்கள். தனக்கென்று ஒன்று இருக்கும் பிள்ளை மற்றவர் பொருளில் கை வைப்பது குறைவு. முக்கியமான ஆவணங்களைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

புதுக் கடதாசி வாங்க வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் அச்சுக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நாடு இது. கொப்பி விலை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பசையும் வீட்டிலேயே செய்யலாம். இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஒரு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் தடிப்பாகும்வரை துழாவி ஆறவிடுங்கள். இரண்டு நாளைக்குள் முடித்துவிடுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கும் பசையில் சேர்க்கவே வேண்டாம். சின்ன வேலைக்குச் சோற்றுப் பருக்கையே போதும்.

யாருக்கு எந்த வேலை?

1837 இல் ஜேர்மனியில் சிறுவர் பாடசாலையைத் தொடங்கிய புரோபல், கடதாசி மடித்தல், வெட்டுதல், பின்னுதல் ஆகியவற்றைச் சிறுவர் கல்வியின் பகுதிகளாகவே வைத்தார். முன்பள்ளி ஆசிரியைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். நீங்கள் மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: மூன்று வயதுப் பிள்ளை தாளைக் கிழிக்கும், நான்கு வயதில் பசை பூசும், ஐந்து வயதில் மடிக்கும், ஆறு வயதில் நுனி மொட்டையான கத்தரிக்கோலால் வெட்டும். பிள்ளைகளுக்கிடையில் முன்பின் இருக்கும். பிள்ளை செய்ததை நீங்கள் திரும்பத் திருத்திச் செய்யாதீர்கள். கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும்.

ஒரு கையை இழந்த சகோதரி ஒருவர் தாளின் ஒரு விளிம்பில் கல்லை வைத்துவிட்டு மற்றக் கையால் மடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மூலையைப் பிடிப்பது மகளின் வேலை. அந்தப் பிள்ளைக்கு அது பெரிய உத்தியோகம்.

மாரி: கப்பல்

கொப்பித்தாள் ஒன்றின் இரு பக்கமும் மெழுகுதிரியால் நன்றாகத் தேயுங்கள். அப்படிச் செய்தால் கப்பல் நெடுநேரம் ஊறாது. தாளின் மேல்விளிம்பு கீழ்விளிம்போடு சேரப் பாதியாக மடியுங்கள். மடிப்பு மேலே இருக்க, மேல்மூலை இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் கோபுரம் போலத் தெரியும். கீழே மிஞ்சும் பட்டிகளை முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்றாக மேலே மடியுங்கள். இப்போது அது ஒரு தொப்பி. பிள்ளை தலையில் வைத்துப் பார்க்கட்டும். பின்னர் தொப்பிக்குள் பெருவிரல்களை விட்டு விரித்து, மற்றப் பக்கமாக அமர்த்தினால் சதுரமாகும். திறந்திருக்கும் கீழ்மூலைகளை இரு பக்கமும் மேலே மடித்து, மீண்டும் விரித்துச் சதுரமாக்குங்கள். மேல்நுனி இரண்டையும் பக்கவாட்டில் மெதுவாக இழுத்தால் கப்பல் வந்துவிடும்.

முற்றத்து வெள்ளத்தில் விடும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். கிணற்றடிக்கும் வாய்க்காலுக்கும் தனியே விட வேண்டாம். விளையாடி முடிந்ததும் சிரட்டை, தகரப் பேணி, பழைய ரயர் ஆகியவற்றில் தேங்கிய தண்ணீரைப் பிள்ளையோடு சேர்ந்து கவிழ்த்து ஊற்றிவிடுங்கள். மாரியில்தான் எங்கள் பகுதிகளில் டெங்கு கூடுவது.

மார்கழி: சங்கிலி

பழைய கலண்டர் தாளை மூன்று சென்ரிமீற்றர் அகலம், பதினைந்து சென்ரிமீற்றர் நீளமான பட்டிகளாக வெட்டுங்கள். ஒரு பட்டியை வளையமாக்கி ஒட்டி, அதற்குள் அடுத்ததைக் கோத்து ஒட்டினால் சங்கிலி நீளும். நத்தாருக்குக் குடிலைச் சுற்றியும் தொங்கவிடலாம், பொங்கலுக்கு வாசலிலும் கட்டலாம்.

இதில் நாளும் எண்ணலாம். நான் முதலிற் சொன்ன பேரனின் தாய் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறார். விடுதியில் தங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். அம்மம்மாவும் பேரனும் பதினான்கு வளையம் கட்டி ஒவ்வொரு காலையும் ஒன்றைக் கிழித்தார்கள். "அம்மா எப்ப வருவா" என்று அழுத பிள்ளை இப்போது சங்கிலியை எண்ணிப் பார்க்கிறான்.

இதில் நான் விட்ட ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். வேறொரு வீட்டில், மத்திய கிழக்கிலிருந்து தகப்பன் விடுமுறையில் வருவார் என்று முப்பது வளையம் கட்டச் சொன்னேன். விடுமுறை தள்ளிப்போனது. கடைசி வளையத்தைக் கிழித்துவிட்டு அந்தப் பெண்பிள்ளை படலையடியில் இருந்தாளாம். அதன்பின் அந்த வீட்டில் சங்கிலி கட்டவில்லை. ஆகவே, வரும் நாள் உறுதியாகத் தெரிந்தவருக்கு மட்டும் சங்கிலி கட்டுங்கள். நாள் தெரியாமல் நாம் காத்திருப்பவர்கள் உண்டு. அந்தக் காத்திருப்பை எண்ணச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது.

தை: பட்டம்

தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்க்கப் பெருந்திரளான சனம் கூடும். அந்தப் பெரிய பட்டங்களைச் சின்னப் பிள்ளையோடு வீட்டில் கட்ட முடியாது. முப்பது சென்ரிமீற்றர்ச் சதுரமான மெல்லிய தாள் ஒன்றும் இரண்டு தென்னை ஈர்க்கும் போதும். ஓர் ஈர்க்கை மேல்மூலையிலிருந்து கீழ்மூலைக்கு நேராக ஒட்டுங்கள். சற்று நீளமான மற்ற ஈர்க்கை வில்லுப்போல வளைத்து, நடு மேலே வர, இடம் வலம் மூலைகளில் ஒட்டுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு நூலும், கீழ்மூலைக்குச் சற்று மேலே ஒரு நூலும் கட்டி, இரண்டையும் முன்னால் சேர்த்து முடிந்தால் அதுதான் முச்சை. பழைய சேலைக் கரையைக் கிழித்து வால் கட்டுங்கள். பட்டம் குத்தினால் வாலை நீட்டுங்கள், எழும்பாவிட்டால் குறையுங்கள்.

தை மாதம் நான் அந்த வீட்டுக்குப் போனபோது அம்மாவும் பேரனும் திண்ணையில் பட்டம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முச்சை கட்டத் தெரியாமல் நான்தான் நின்றேன்.

"இஞ்ச தாரும் பிள்ளை" என்று வாங்கி, நூலைப் பல்லால் கடித்து இழுத்து, ஒரு நொடியில் முடிச்சுப் போட்டார். "உன்ர மாமா இப்பிடித்தான் கட்டுவான். அவன் கட்டிற பட்டம் ஒருநாளும் குத்தாது" என்று பேரனிடம் சொன்னார்.

"எந்த மாமா?" என்றான் பேரன்.

அவர் மகனின் பெயரைச் சொன்னார். அந்தப் பிள்ளை அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டது அன்றுதான் என்று பிறகு எனக்குச் சொன்னார். படத்துக்கு முன்னால் இருந்து சொல்ல அவரால் முடிந்ததில்லை. கை வேலையில் இருந்தபோது வாய்க்கு வந்துவிட்டது. அவர் அழவில்லை. பேரன் மாமாவைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேட்டான். பிறகு வாலுக்கு எந்தச் சேலையைக் கிழிப்பது என்று கேட்டான்.

ஒரு எச்சரிக்கை. மின்கம்பிக்குக் கிட்ட பட்டம் விட வேண்டாம். அறுந்த பட்டத்துக்குப் பின்னால் பற்றைக்குள்ளோ, சனம் புழங்காத காணிக்குள்ளோ ஓட வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கும் இடத்துக்குப் பட்டம் போனால், பட்டம் போகட்டும். இன்னொன்று கட்டலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வைகாசி: காற்றாடி

வைகாசி எங்களில் பலருக்குப் பாரமான மாதம். 2009 க்குப் பிறகு அது அப்படித்தான். ஆனால் சோளகமும் அப்போதுதான் எழும்புகிறது. பிள்ளை காற்றுக்குள் ஓடத்தான் விரும்பும். நீங்கள் எழும்ப முடியாமல் இருக்கும் நாளில் இந்த வேலை பதினைந்து நிமிடத்தில் முடியும். பதினைந்து சென்ரிமீற்றர்ச் சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து விரியுங்கள். மடிப்பு வழியே நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி வெட்டுங்கள். நடுவுக்கு இரண்டு சென்ரிமீற்றர் இருக்க நிறுத்துங்கள். எட்டு நுனிகள் கிடைக்கும். ஒன்றுவிட்ட ஒரு நுனியாக நான்கை நடுவுக்குக் கொண்டுவந்து, குண்டூசியைக் குத்துங்கள். பின்பக்கம் பழைய மாலையில் உதிர்ந்த மணி ஒன்றைக் கோத்துப் பூவரசங் குச்சியில் ஏற்றுங்கள். ஊசிமுனையை வளைத்துவிடுவது உங்கள் வேலை. மிகச் சின்னப் பிள்ளைகளிடம் ஊசியும் மணியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்குள் வைத்துவிடுவார்கள்.

சகோதரிகளே, கப்பலும் பட்டமும் எங்கள் கேள்விகளுக்கு விடை தரப்போவதில்லை. அந்த அம்மாவின் பொலித்தீன் பை இப்போதும் சுவரில் ஆணியில்தான் தொங்குகிறது. நனைந்த பிரதியைக் காயவைத்து, மடிப்புக் கோடுகளோடேயே திரும்ப அதற்குள் வைத்திருக்கிறார். அதற்குக் கீழே, பேரனின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு பிஸ்கட் பெட்டி இருக்கிறது. நான் போகும்போதெல்லாம் படிவங்களோடு கொஞ்சம் பழைய தாளும் கொண்டுபோகிறேன். பேரன் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.

இந்த மாதம் உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி வைத்துப் பாருங்கள்.